வயிற்றுப் பங்கு

பசிதான் மருந்து என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டு ஆணை அனுப்பிய ஊர் சங்குமுனை. அங்கே மீன் பிடிக்கலாம், வலையிலிருந்து கழற்றலாம், லாரியில் ஏற்றலாம். வாயில் மட்டும் வைக்கக்கூடாது. முட்டை கிடையாது, பால் கிடையாது, பருப்புகூடக் கிடையாது. மாதம் பிறந்தால் சோள மாவு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, எலும்பும் தோலுமாக, ஊர் உயிரோடு இருந்தது. ஒரு வருஷமாக ஒருத்தர்கூடக் காய்ச்சலில் சாகவில்லை, இதைவிட வேறென்ன வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். நல்லா கேட்டாங்க போங்க.

செசிலிக்கு மட்டும் அந்த ஆணையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவள்தான் அந்த ஊருக்கு இருபத்தேழு வருஷமாக நர்ஸ். பிறந்ததும் அதே ஊர்தான். அந்த ஆணையில் இருந்த ஒவ்வொரு வரியும் அவளுடைய நோட்டிலிருந்து போனது.

போன வருஷம் நடந்தது இதுதான். கடல் சூடேறி மீன் குறைந்துபோன பிறகு தடைக்காலத்தை ஐந்து மாதமாக நீட்டிவிட்டார்கள். ஐந்து மாதம் வெறும் கஞ்சி. தடை முடிந்து மீன்பிடிப் போட்டு கரைக்கு வந்த முதல் நாள் மீனை சங்குமுனையில் ஏலம் விடுவது இல்லை. பங்குதான். அதுவும் முதல் பங்கு படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு, விதவைகளுக்கு, தாய்ப்பிள்ளை இல்லாத கிழடுகளுக்கு. ஊர்ப் பெரியவர்கள் செசிலியிடம் வந்து, "நர்ஸம்மா, நலிஞ்சவங்க லிஸ்ட் ஒன்னு கொடுங்க, ஒருத்தர் விட்டுப் போகக்கூடாது" என்று கேட்டார்கள். இவளும் பெருமையாகத் தன் பதிவேட்டைப் பார்த்து நாற்பத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்தாள். அந்த நாட்களில் வந்த கொஞ்ச மீன் அந்த லிஸ்ட்டைத் தாண்டவே இல்லை. ஒன்பது நாளில் அதில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். மிஞ்சிய ஒருத்திக்குப் பல் இல்லை, மீனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பிறகு கண்டுபிடித்த பூச்சி அந்தப் பேத்தியின் உடம்பில் இல்லாததால் அவளும் பிழைத்தாள்.

எழவு வீடு எழவு வீடாகப் போய்வந்த செசிலிக்குத்தான் முதலில் உறைத்தது. காய்ச்சல் வந்த வரிசையும் அவள் எழுதிய லிஸ்ட்டின் வரிசையும் ஒன்றாக இருந்தன. அதை அவள் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதினாள். அங்கே வேலை பார்த்த டாக்டர் நசீமா மதுரையிலிருந்து ஓடிவந்தாள். ஊர் முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அறுநூறு பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஈரலில் ஒரு பூச்சி. மலேரியாப் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் ஒரு தொந்தரவும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு 'உறங்கி' என்று பேர் வைத்தார்கள். பூச்சி உள்ளவர்களுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். செசிலிக்கு மஞ்சள் அட்டை. அவளுடைய ஒரே மகள் ரெஜினாவுக்கும் மஞ்சள் அட்டை.

ரெஜினா இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. புருஷன் கஸ்பார் சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். இந்த வருஷம் சங்குமுனையில் பிறந்த மஞ்சள் அட்டைக்காரிகளின் பிள்ளைகள் மூன்று. மூன்றும் கைப்பிடி அளவில், மூச்சில்லாமல் பிறந்தன. கடைசியாகப் போனது நாலு வீடு தள்ளி இருக்கும் ஜெபமணியின் பிள்ளை, ஐந்து நாள்தான் ஆகிறது. அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் செசிலிதான். வீட்டுக்கு வந்து ரெஜினாவின் வயிற்றை அளந்து பார்த்தாள். இரண்டு வாரமாக அளவு நகரவே இல்லை.

அந்த வருஷத் தடை முடிந்து முதல் போட்டு வருகிற திங்கட்கிழமை, செசிலி ஊரில் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தாள். நசீமா வரச் சொல்லியிருந்தாள்.

நசீமா கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பத்து மாத்திரை, உறங்கிக்குப் புதிதாக வந்த மருந்து.

"எப்படி டாக்டரம்மா கெடச்சிது? நம்ம ஊருக்குத்தான் ஒதுக்கலேன்னாவளே?"

"கேக்காதீங்க அக்கா. ஒரு ஆளுக்கான மருந்து. கணக்குல உடைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கேன்."

"ஏன் ஒதுக்கல? நாங்க மனுசங்க இல்லியா?"

நசீமா மாத்திரை அட்டையை அவள் பக்கம் தள்ளினாள். "சங்குமுனையில நோய் கட்டுப்பாட்டுல இருக்குன்னு ரிப்போர்ட். பசியில வச்சிருந்தா ஒருத்தரும் சாகலைன்னு நாமதானே எழுதினோம். மருந்து செய்யக் காசு ஆகும், பசிக்கு ஆகாது. கட்டுப்பாட்டுல இல்லாத ஊருக்கு மொதல்ல அனுப்பறாங்க."

"நாசமாப் போவ," என்றாள் செசிலி. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தன்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள். "சரி, சொல்லுங்க. எப்படிக் கொடுக்கணும்?"

"இது சாதாரணமாக் கொடுக்கிற மாத்திரை இல்ல அக்கா. அந்தப் பூச்சி எப்படித் தூங்குதுன்னு உங்களுக்கு முழுசாப் புரியணும். இல்லேன்னா பெரிய தப்பாயிடும். அது வளரணும்னா நூத்துக்கணக்கான புரதம் செய்யணும். எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்கிற உத்தரவெல்லாம் அதுக்குள்ளே ஏற்கெனவே எழுதித் தயாரா இருக்கு. ஆனா ஒரு உத்தரவையும் படிக்காது. படிக்கிற இடத்துல ஒரு பிரேக்கைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்கும்."

"எதுக்குக் காத்திருக்கு?"

"அந்தப் பூச்சிக்குத் தீனி நம்ம ரத்தத்துச் சிவப்பு. புரதம் செய்யத் தேவையான துண்டுகள்ல ஒன்னு மட்டும் அந்தச் சிவப்புல கிடையாது. நாம சாப்பிடற மீன்லயும் பால்லயும் முட்டையிலயும்தான் அதுக்குக் கிடைக்கணும். சோள மாவுல அது பேருக்குத்தான் இருக்கு. அந்தத் துண்டு வந்து சேர்ற வரைக்கும் பிரேக்கை எடுக்காது."

செசிலி தலையாட்டினாள். "வெளங்குது. போட்டுல டீசல் ஊத்தி, ஐஸ் ஒடைச்சுப் போட்டு, வலைய மடிச்சு வச்சு, எல்லாம் தயாரா இருக்கும். மீன்துறைக்காரன் டோக்கன் தந்தாத்தான் கடலுக்குப் போவான். மீனுதான் அதுக்கு டோக்கன்."

"அதேதான். இப்ப மருந்து விஷயம். இந்த மாத்திரை அந்தப் பூச்சி புரதம் செய்யறதைத்தான் நடுவுல கெடுக்கும். தூங்கற பூச்சி எதையும் செய்யறதில்லையே, மருந்து எதைக் கெடுக்கும்? அதனால மொதல்ல எழுப்பணும். எழுப்பணும்னா மீன் கொடுக்கணும். சாப்பிட்ட நேரத்துலருந்து முப்பது மணி நேரம் கழிச்சு எல்லா உத்தரவையும் ஒரேயடியாப் படிக்க ஆரம்பிக்கும். அங்கேயிருந்து ஆறு மணி நேரம்தான் நமக்கு. அதுக்குள்ள மொதல் ரெண்டு மாத்திரை உள்ளே போயிடணும். அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு ரெண்டா."

"முந்திக் கொடுத்தா?"

"வீண். ஒடம்புலருந்து வெளியே போயிடும். பிந்திக் கொடுத்தாலும் வீண். முப்பத்தாறு மணியில பூச்சி வெடிச்சு ஆயிரக்கணக்கா ரத்தத்துல கலந்துடும். காய்ச்சல் ஆரம்பிச்சதுன்னா வெடிச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் இந்த மருந்து நூத்துல ஒருத்தரைக் காப்பாத்தும், அவ்வளவுதான். கடிகாரம் சரியா இருக்கணும் அக்கா. நீங்க கொடுக்கிற மீன்தான் அவ வாயில படற முதல் மீனா இருக்கணும். ஒரு துணுக்கு முன்னாடி போனாலும் அங்கேருந்து கணக்கு ஆரம்பிச்சிடும். ரெஜினாகிட்ட தெளிவாச் சொல்லிடுங்க."

"சொல்லுதேன்," என்றாள் செசிலி.

சொல்லவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. இருபத்தேழு வருஷ வழக்கம் அது. நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது, அதுவும் பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லவே கூடாது, பயந்தால் பிள்ளைக்கு ஆகாது. மூன்று பிள்ளைகள் செத்துப் பிறந்ததைப் பார்த்து ஏற்கெனவே ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிற பெண்ணிடம், 'ஆறு மணி நேரம் தவறினால் நீ செத்தாய்' என்று எந்தத் தாய் சொல்வாள்? கடிகாரம் என் கையில்தானே இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டாள்.

மத்தியானம் அவள் ஊர் திரும்பியபோது கரையெல்லாம் மீன் வாடை. லாரிகள் பாதி நிரம்பியிருந்தன. காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்கள் நிற்கவே தேவையில்லை, நாற்பத்தொரு கல்லறைகள் நிற்கின்றன. மீனைக் கூடையில் அள்ளிய பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டு அள்ளினார்கள்.

வீட்டுக் கொல்லையில் ரெஜினா சாம்பல் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடின மாதிரி இருந்தது.

"என்னட்டி, மொகம் தெளிச்சியா இருக்கு?"

"பிள்ள துள்ளுதும்மா. ரெண்டு நாளா அசைவே இல்லாம இருந்துச்சில்ல, இப்பப் பாரு, கைய வச்சுப் பாரு."

செசிலி கையை வைத்தாள். உள்ளே ஒரு குதிகால் அவள் உள்ளங்கையைத் தட்டிவிட்டுப் போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குக் காலைல ஒனக்கு மீன் தாரேன். டாக்டரம்மா மருந்து கொடுத்திருக்காவ. ஒன்னும் ஆவாது. பயப்படாத, என்ன?"

ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா," என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு செசிலி ஒரு விளைமீனை மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அவித்தாள். நசீமா எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டி வாங்கி வந்த மீன். ரெஜினா கீழே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். முள்ளைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் வைத்தாள். செசிலி எதிரே உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தாள். எவ்வளவு காலமாயிற்று! நோட்டில் எழுதினாள்: காலை ஆறு பத்து. முப்பது மணி நேரம் என்றால் புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பத்து.

அன்று முழுக்க அவள் வேலைக்குப் போகவில்லை. மாத்திரை அட்டையை மடியில் கட்டிக்கொண்டு மகள் பக்கத்திலேயே இருந்தாள். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளைக்குப் பேர் பார்த்தார்கள். மூன்று மணிக்கு ரெஜினா கொஞ்சம் தூங்கினாள். தூங்கும்போது செசிலி அவள் தலையைக் கோதிவிட்டாள், இடுப்பில் பத்து மாத்திரை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை நினைத்து நினைத்துத்தான் பிறகு அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

ஆறரை மணிக்கு ரெஜினா தலை வலிக்கிறது என்றாள். ஏழு மணிக்கு, விளக்கு ஏற்றி ஜெபம் சொல்ல உட்கார்ந்தபோது, அவளுக்குப் பல் கிட்டித்துக் குளிர் எடுத்தது. செசிலி கழுத்தில் கையை வைத்தாள். கொதித்தது.

"இருக்காதே," என்றாள் செசிலி. "இருக்காதே. நாளைக்கு மத்தியானம்லா." அப்புறம் குரல் மாறியது. "ஏட்டி, முன்னாடி ஏதும் தின்னியா?"

ரெஜினா போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"சொல்லித் தொலட்டி! மீன் தின்னியா?"

"வயித்துப் பங்கும்மா," என்றாள் ரெஜினா.



சங்குமுனைக்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முதல் நாள் மீனில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பகிரங்கமாகக் கொடுக்கமாட்டார்கள், முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுப் போவார்கள். வாங்கினவள் யாரிடமும் சொல்லக்கூடாது. அதிலும் பெற்றவளுக்குத் தெரியவே கூடாது. எல்லாக் கண்ணிலும் பெற்றவள் கண்தான் முதலில் படும், பட்டால் பிள்ளை தங்காது. செசிலியின் வயிற்றில் ரெஜினா இருந்தபோது செசிலியும் அப்படி வாங்கித் தின்றவள்தான். அவள் தாய்க்குக் கடைசி வரை தெரியாது.

"எப்ப?"

"நேத்து நீ பஸ்ஸுக்குப் போன பொறவு. ஏழு மணி இருக்கும். பிள்ள ரெண்டு நாளா அசையலம்மா. நீ அளந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லாமப் போன. ஒம் மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். ஜெபமணி அத்தைதான் மொதல்ல கொண்டாந்தாவ. பொறவு ஒவ்வொருத்தரா வந்தாவ. ஏழு பேரும்மா. ஆளுக்கு வெரல் தண்டி ஒரு துண்டு. தின்னதும் பிள்ள துள்ளிச்சு." அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. "கொஞ்சம்தானேன்னு நெனச்சேன். பொறவு நாளைக்கு நீயே மீனு தாரேன்னு சொன்னப்போ, ஒரு நாளு முந்தினா என்னன்னு இருந்துட்டேன்."

நேற்றுக் காலை ஏழு. முப்பது மணி நேரம் கூட்டினால் இன்று மத்தியானம் ஒரு மணி. ஆறு மணி நேரம் சேர்த்தால் இப்போது. மத்தியானம் பூரா மருந்து இடுப்பில் இருந்தது. தலையைக் கோதிக்கொண்டு, பேர் பார்த்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ, பூச்சி வெடிச்சுப் போச்சுட்டி! இனி மருந்து பலிக்காதே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று செசிலி மார்பில் அடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு நோயாளி முன்னால் அவள் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. ஜெபமணி முன்னால் நின்றாள். செசிலி பாய்ந்து போய் அவள் தலைமுடியைப் பிடித்தாள்.

"ஒம் பிள்ள போச்சுன்னு எம் பிள்ளையையும் கொண்டு போனியாட்டி?"

"மைனி, ஒரு துண்டுதான் கொடுத்தேன் மைனி. எனக்கு அந்த ஒரு துண்டு யாராவது தந்திருந்தா எம் பிள்ள இருந்திருக்கும்னு நெனச்சுக் கொடுத்தேன். மத்தவங்களும் கொடுப்பாவன்னு தெரியாது மைனி."

பின்னால் நின்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். நான் ஒரு துண்டுதான். நான் ஒரு துண்டுதான். தாங்கள் ஒரு வாய்கூடத் தின்னாமல், போலீஸ்காரனுக்குத் தெரியாமல், இடுப்பில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த துண்டு. செசிலி ஜெபமணியின் முகத்தில் காறித் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நசீமாவுக்குப் போன் போட்டாள். பாலம் வேலை நடப்பதால் ஆம்புலன்ஸ் விடிந்துதான் வர முடியும் என்றாள் நசீமா. அழுகிற குரலில், "மாத்திரையைக் கொடுங்க அக்கா. நூத்துல ஒன்னுன்னாலும் கொடுங்க," என்றாள். செசிலி முதல் இரண்டு மாத்திரையைக் கொடுத்தாள். ரெஜினா விழுங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா கேட்டாள். "எம்மா, பிள்ளைக்கும் இது ஒட்டியிருக்குமா?"

செசிலிக்கு வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்தது. 'ஒன்னும் ஆவாது, தூங்கு.' அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதி. "ஒட்டியிருக்கும்," என்றாள். "தொப்புள் கொடி வழியாப் போவும். அங்க போயித் தூங்கும்."

"அப்போ பொறந்ததும் பால் கொடுத்தா முழிச்சிடுமா?"

"முழிச்சிடும்."

"அதுக்கு மருந்து?"

"ஒரு ஆளுக்குத்தான்ட்டி தந்திருக்காவ. ஒனக்குத்தான் தந்திருக்காவ."

ரெஜினா தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை செசிலி அவளை எழுப்பி இரண்டு மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ரெஜினா ஒவ்வொரு தடவையும் சமத்தாக வாயைத் திறந்தாள், தலையை நிமிர்த்தித் தண்ணீர் குடித்தாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசி இரண்டை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது கொடுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ அறுநூறு. அழுதது. அந்தச் சத்தம் ரெஜினாவுக்குக் கேட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை விடியும்போது ரெஜினா போய்விட்டாள்.

பிள்ளையின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். உறங்கிப் பூச்சி இருந்தது. உடனே மேலிடத்திலிருந்து பேப்பர் வந்துவிட்டது, அதில் மட்டும் தாமதமே இல்லை. குழந்தையைச் சங்குமுனை உணவுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகுந்த ஆணை வரும்வரை பால் கொடுக்கக்கூடாது, குளுக்கோஸ் மட்டும் ஏற்ற வேண்டும். செசிலி அதைப் படித்துவிட்டு நசீமாவைப் பார்த்தாள்.

"இது எத்தன நாள் தாங்கும் டாக்டரம்மா?"

"ஒரு வாரம். பத்து நாள்னு வைங்க." நசீமா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "நானும் அஞ்சு பேருக்குப் போன் பண்ணிட்டேன். ஒரு மாத்திரைகூட இல்லேங்கறாங்க."

அப்போதுதான் ஒரு நர்ஸ் வந்து ரெஜினாவின் துணி மூட்டையைக் கொடுத்தாள். ஒரு நைட்டி, ஒரு துண்டு, கழுத்தில் கிடந்த ஜெபமாலை. செசிலி ஒவ்வொன்றாக உதறி மடித்தாள்.  துண்டின் நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. சின்ன முடிச்சு, பல்லால் கடித்து இறுக்கிப் போட்டது. அவிழ்த்தாள்.

எட்டு மாத்திரை. எச்சிலில் ஊறி ஓரமெல்லாம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன.

செசிலிக்கு முதலில் விளங்கவே இல்லை. தானே நாக்கில் வைத்த மாத்திரை, தானே கொடுத்த தண்ணீர். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த முதுகு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பியிருக்கிறாள், அந்தக் காய்ச்சலிலும் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். சொன்னால் தாய் விடமாட்டாள் என்று தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் செசிலி போட்ட சத்தத்துக்கு இரண்டு மாடியிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நசீமா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாத்திரைகளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மருந்து கெடல அக்கா. ஓரம்தான் கரைஞ்சிருக்கு. இந்தப் பிள்ளைக்கு வேளைக்குக் கால் மாத்திரை போதும். அஞ்சு வேளை."

"நூத்துல ஒன்னுன்னு சொன்னீங்களே. அந்த ஒன்னு அவளா இருந்திருந்தா?"

நசீமா மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துண்டில் பரப்பினாள். 

ரெஜினாவை அன்று சாயங்காலமே சங்குமுனையில் அடக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் செசிலி ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். என் சொந்தப் பொறுப்பில் கொண்டுபோகிறேன் என்று எழுதியிருந்தது. நசீமா தன் காரில் கொண்டுவந்து விட்டாள். இனித் தன் வேலை என்னாகும் என்று அவள் பேசவில்லை, செசிலியும் கேட்கவில்லை.

தெரு அமைதியாக இருந்தது. ஏழு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தன. செசிலி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள். ஜெபமணி திறந்தாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லாத பால், ஒன்பது நாளாகத் துணியில் கட்டிக் கட்டியும் நிற்காத பால்.



"துப்பினதுக்கு மன்னிச்சுக்கோ," என்றாள் செசிலி.

"மைனி, எங்கைய நம்பி மறுபடியும்..." ஜெபமணி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"வெளிய வா. திண்டுல உக்காரு. உள்ள வேண்டாம்."

"தெருவுலயா? கண்ணு பட்டுடும் மைனி."

"படட்டும். ஒளிச்சு ஒளிச்சுக் கொடுத்தது போதும்."

செசிலி தெருவைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் வெளிய வாங்க! ஒருத்தி பாக்கியில்லாம வாங்க!" கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆறு பேரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் புருஷன்மார், பிள்ளைகள், கிழடுகள். அதில் இரண்டு வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

செசிலி மடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். "இது எட்டு இருக்கு. எம் மவ துப்பி வச்சது. இந்தப் பிள்ளைக்கு ஒன்னேகால் போதும். மீதி ஆறே முக்கால். யாருக்குப் பிள்ள பொறந்தாலும் வாங்க, தாரேன். ஆனா எங்கிட்ட மறைக்கக் கூடாது. நானும் ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன்." பிறகு அவள் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். டோக்கன் கணக்கு, முப்பது மணி, ஆறு மணி, எல்லாம். ஒரு சொல் விடாமல் சொன்னாள். யாரும் பயந்து ஓடவில்லை. ஒரு கிழவன் மட்டும், இதை இவ்வளவு நாளா ஏன்த்தா சொல்லலை என்று கேட்டான். செசிலி துண்டின் நுனியை மறுபடியும் முடிந்துகொண்டாள்.

ஜெபமணி திண்டில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வைத்தாள். பிள்ளை இரண்டு தடவை தலையை அங்குமிங்கும் ஆட்டித் தேடியது, பிறகு பற்றிக்கொண்டது. விழுங்குகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

நசீமா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள். செசிலி அடுப்புக் கரி ஒன்றை வாங்கி, ஜெபமணி வீட்டு வெள்ளைச் சுவரில், கடலிலிருந்து வருகிறவனுக்கும் தெரிகிற மாதிரி முழ நீளத்துக்கு எழுதினாள்: வெள்ளி காலை ஒன்பது இருபது. அதற்குக் கீழே: சனி மத்தியானம் மூன்று இருபது. எழுதி முடித்துவிட்டுச் சுவரின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தெருவில் நின்றவர்களில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.